தினம் ஒரு பம்பளிமாஸ்

அந்தச் சேர் வேண்டாம்மா, அதுக்கு ஒரு காலு ஆடும். இங்கிட்டு வந்து உக்காருங்க, பையை நடுவுல வெச்சுக்கங்க. யாரு, அம்மாவா? உள்ள ரத்தம் எடுக்கப் போயிருக்காங்களா? என் நாத்தனாரும் அங்கதான் இருக்கா. ரத்தம் எடுத்து, ரிசல்ட்டு வந்து, டாக்டர் கூப்பிடறதுக்கு எப்பிடியும் ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க புதுசு, அதான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நாங்களும் முதல்ல அப்பிடித்தான் இருந்தோம்.

என்ன மாத்திரை எழுதியிருக்காரு? அந்தச் சீட்டைக் குடுங்க, பாப்போம். அட, இதேதான். இந்திராணிக்கும் இதேதான். இந்திராணிங்கறது என் நாத்தனாரு. அவளுக்கு மார்புல வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஆபரேஷன் பண்ணி, டிரிப்ஸ்ல மருந்து ஏத்தி, முடியெல்லாம் கொட்டி, திரும்ப முளைச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் இருந்தோம். போன ஆடியில முதுகு வலிக்குதுன்னா. தைலம் தேச்சோம். புரட்டாசி வரைக்கும் தைலம்தான் தேச்சோம். அப்புறம் ஸ்கேன் எடுத்துப் பாத்தா முதுகெலும்புக்கு வந்துருச்சுன்னு சொல்றாங்க. உங்க அம்மாவுக்கும் எலும்புலயா? சரி, சொல்ல வேண்டாம். உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது.

பயப்படாதீங்க. நல்ல மாத்திரைதான். அடியோட போக்காது, ஆனா இருக்கற இடத்தை விட்டு நகர விடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இருபத்தோரு நாள் தினம் ஒண்ணு சாப்பிடணும், அப்புறம் ஒரு வாரம் விடணும். இந்திராணி எட்டு மாசமாச் சாப்பிடுறா. சாப்பிடுறான்னு சும்மா சொல்றேன், நடுவுல நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான். ஏன் நிறுத்துனாங்கங்கறதுக்கு வர்றேன். அதைச் சொல்லணும்னுதான் உங்களை இங்க உக்காரச் சொன்னேன்னு வெச்சுக்கங்களேன்.

முதல் மாசம் ஒண்ணும் பெருசா தெரியாது. அசதியா இருக்கும். காலையில எந்திரிச்சுப் பல்லு விளக்கிட்டு வந்து மறுபடியும் படுத்துக்குவாங்க, சோம்பேறித்தனம்னு நினைச்சுறாதீங்க. நான் நினைச்சேன். வாய் கசக்கும், நாக்குல ஆணியை வெச்ச மாதிரி இருக்குன்னு சொல்லுவா. வாயில புண்ணு வரும். வெதுவெதுப்பான தண்ணியில உப்பும் சோடா மாவும் கலந்து தினம் நாலு தடவை கொப்புளிக்கச் சொல்லுங்க. தயிர் சாதத்தை நல்லாக் குழைச்சு, சூடும் இல்லாம குளிரும் இல்லாம குடுங்க. காரம் ஆகவே ஆகாது. வெள்ளை அணு குறையும், அதுக்குத்தான் அடிக்கடி ரத்தம் பாக்குறாங்க. காய்ச்சல்னு உடம்பு சுட்டுச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, வண்டியைப் புடிச்சு வந்துருங்க. இதெல்லாம் அவங்களே சொல்லுவாங்க. அவங்க சொல்லாதது ஒண்ணு இருக்கு. அவங்க சொல்லலங்கறதும் தப்பு, நான் கேக்கலங்கறதுதான் சரி.

நாங்க வத்தலக்குண்டு. என் வீட்டுக்காரர் விதைக்கடை வெச்சிருக்காரு. இந்திராணி அவருக்கு ஒரே தங்கச்சி. பக்கத்துத் தெருவுலதான் அவ வீடு, அவ வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, பிள்ளை இல்ல. கவர்மென்ட்டு பள்ளிக்கூடத்துல லேப்ல வேலை. அந்தக் கண்ணாடிக் குழாய், ஆசிடு பாட்டில், எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டி வெப்பாங்கல்ல, அந்த வேலை. வீட்டுலயும் மஞ்சப்பொடி டப்பாவுக்கு லேபிள் ஒட்டித்தான் வெச்சிருப்பா. முதுகுல வந்துருச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் போய் அவ துணிமணியை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இனிமே நீ என் வீட்டுலதான் இருக்கணும், உன்னைப் பாத்துக்கிறது என் பொறுப்புன்னுட்டேன். வர்றியான்னு கேட்டேனான்னு கேக்காதீங்க. கேக்கல.

பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம், கூடப் பொறந்தவ கூட இப்பிடிப் பாக்க மாட்டா நாகரத்தினம்னு சொல்லிட்டுப் போவாங்க. நான் அதுக்காகச் செய்யல. ஆனா காதுல விழுகும்ல. விழுந்தா நல்லாத்தான் இருக்கும்.

ஏன்னா எங்களுக்குள்ள ஆகாது, அது ஊருக்கே தெரியும். நான் கட்டிக்கிட்டு வந்த முதல் வருஷம், புளிக்குழம்பு வெச்சு இலையில ஊத்துறேன். இந்திராணி அதை மோந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போய்ட்டா. ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கூட நான் பதிலுக்குச் சொல்லியிருப்பேன், அன்னைக்கோட போயிருக்கும். அதுல ஆரம்பிச்சு அப்பிடியே இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷம். பேச்சு வார்த்தை உண்டு, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டு, ஆனா அதுக்கு மேல கிடையாது. அந்தப் பொம்பளையைத்தான் நான் என் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். அதனாலதான் சனங்க அவ்வளவு பேசுனாங்க.

முதல் மாசம் முடிஞ்சு வந்தப்ப இங்க டயட்டீஷியன் பொண்ணு ஒண்ணு உக்காந்து எழுதிக் குடுத்துச்சு. வெள்ளை அணு குறைஞ்சா கிருமி சீக்கிரம் ஒட்டிக்கும், அதனால திராட்சை, தக்காளி மாதிரி தோலோட திங்கற எதையும் பச்சையாக் குடுக்காதீங்க, தடிச்ச தோலு உள்ள பழமாப் பாத்து உரிச்சுக் குடுங்கன்னு சொல்லுச்சு. ஆரஞ்சு, மாதுளை, வாழைப்பழம்னு சீட்டுலயும் எழுதியிருந்துச்சு. தடிச்ச தோலுன்னு அது சொன்ன உடனே எனக்கு என்ன ஞாபகம் வரும், சொல்லுங்க. நான் பொறந்தது தாண்டிக்குடிப் பக்கம். எங்க அண்ணன் தோட்டத்துல காப்பிச் செடிக்கு நடுவுல ரெண்டு பம்பளிமாஸ் மரம் நிக்கிது. அதை விடத் தடிச்ச தோலு எந்தப் பழத்துக்கு இருக்கு? ஒரு விரக்கடைத் தோலு. கிருமி எங்க உள்ள போகும்? உடம்புச் சூட்டைத் தணிக்கறதுக்கும் அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. இந்த மாத்திரை சூடுன்னு நானே முடிவு பண்ணி வெச்சிருந்தேன், வாய்ப்புண்ணு வேற எதுக்கு வரும்னு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுநாளே மலை பஸ்ல ஒரு சாக்கு வந்துருச்சு. அன்னைல இருந்து தினம் காலையில ஒண்ணு. பாதியில்ல, சுளை சுளையா முழுசும். நானே உரிச்சு, மேல இருக்கற வெள்ளைத் தோலை எடுத்து, விதை எடுத்து, கிண்ணத்துல போட்டு, மாத்திரையைப் பக்கத்துல வெச்சு, அவ முன்னாடி உக்காந்துக்குவேன். முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

எரியுது மதினின்னா. புண்ணு வாயி, புளிப்புப் பழம், எரியாம என்ன செய்யும்? எரிஞ்சாத்தான் ஆறும்னு சொன்னேன். வேணாம் மதினி, வாழைப்பழம் குடுங்களேன்னா. வாழைப்பழத்துல என்ன இருக்குன்னேன். எங்க அண்ணன் மலையில இருந்து அனுப்புறாரு, நான் கை வலிக்க உரிக்கிறேன், உனக்கு வேணாமான்னு ஒரு நாள் கேட்டேன். அதுக்கு அப்புறம் அவ வேணாம்னு சொல்றதை விட்டுட்டா. கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவா.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. அவ முகத்தைச் சுளிச்சுக்கிட்டு முழுங்குறப்ப எனக்கு அந்தப் புளிக்குழம்பு ஞாபகம் வரும். அன்னைக்கு எந்திரிச்சுப் போனேல்ல, இப்ப உக்காந்து தின்னு, அப்பிடின்னு இல்லம்மா, அப்பிடி நினைக்கல. ஆனா ஞாபகம் வரும். அது எதுக்கு அந்த நேரத்துல வரணும்? இப்ப அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

ரெண்டாவது மாசம் முடியறதுக்குள்ள வெள்ளை அணு சடசடன்னு இறங்கிருச்சு. மாத்திரையை நிறுத்துங்கன்னாங்க. பத்து நாள் கழிச்சு, பவர் குறைச்சுக் குடுத்தாங்க. மறுபடியும் இறங்கிருச்சு. மறுபடியும் நிறுத்தம். வாயெல்லாம் புண்ணு, எச்சி முழுங்க முடியல, எடை ஆறு கிலோ குறைஞ்சு போச்சு. நான் என்ன செஞ்சேன்? சூடு அதிகமாகிருச்சுன்னு சாயந்தரமும் ஒரு பழம் குடுக்க ஆரம்பிச்சேன்.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேப்பாரு, நாட்டு மருந்து ஏதாவது குடுக்குறீங்களா, கஷாயம், பொடி, லேகியம், எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லுங்கன்னு. இந்திராணி வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் சொல்லிருவேன், ஒண்ணும் கிடையாது சார், என் வீட்டுக்குள்ள அதெல்லாம் விடவே மாட்டேன்னு. பெருமையாத்தான் சொன்னேன். பொய்யும் இல்ல. பழத்தை யாராவது மருந்துன்னு சொல்லுவாங்களா?

இந்திராணி ஒரு நோட்டு வெச்சிருந்தா. லேப்ல எழுதுன பழக்கம். தினம் என்ன சாப்பிட்டா, வாயில எத்தனை புண்ணு, எத்தனை தடவை வாந்தி, எல்லாம் கோடு போட்டு எழுதுவா. மாத்திரை நிறுத்தியிருந்த நாள்ல புண்ணு ஆறுது, மாத்திரையும் பழமும் சேர்ந்தாத்தான் ரொம்ப வருது மதினி, மாத்திரை மட்டும் சாப்பிட்ட முதல் மாசம் இவ்வளவு இல்லன்னு ஒரு நாள் விரிச்சு வெச்சுக் காட்டுனா. டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு கேட்டா. அவரு நூறு பேரைப் பாக்குறவரு, உன் நோட்டைப் படிக்க அவருக்கு ஏது நேரம்னு சொல்லி அதை பீரோ மேல தூக்கி வெச்சுட்டேன். மறுநாளும் பழத்தை உரிச்சேன்.

மாசியில காய்ச்சல் வந்துருச்சு. இதே ஆஸ்பத்திரியில, மேல மாடியில அஞ்சு நாள். கையில ரெண்டு பக்கமும் ஊசி குத்தி மருந்து ஏறுது. மூணாவது நாள் கொஞ்சம் கண்ணு முழிச்சா. அன்னைக்கு நான் பையில இருந்து பழத்தை எடுத்து மடியில வெச்சு உரிக்கிறேன். நர்ஸ் பொண்ணு வந்து என்ன பழம் அதுன்னு கேட்டுச்சு. சொன்னேன். எத்தனை நாளாக் குடுக்குறீங்கன்னு கேட்டுச்சு. கார்த்திகையில இருந்து தினமும்னு சொன்னேன், நல்ல பேரு வாங்கப் போறோம்ங்கற நினைப்புல. அந்தப் பொண்ணு விறுவிறுன்னு வெளிய போயிருச்சு.

டாக்டரே வந்தாரு. அந்தப் பழத்துக்கு ஒரு குணம் இருக்காம். உள்ள போன இந்த மாத்திரையை உடம்பு கரைச்சு வெளிய தள்ள விடாதாம். அது பாட்டுக்குச் சேர்ந்துக்கிட்டே இருக்குமாம். ஒரு மாத்திரை போட்டா ஒன்றரை, ரெண்டு போட்ட மாதிரி வேலை செய்யுமாம். அவ்வளவு புண்ணும், அவ்வளவு அணு குறைஞ்சதும், அத்தனை நாள் மாத்திரையை நிறுத்துனதும் இதனாலதான் இருக்கும்னு சொன்னாரு. சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தாத் தேவலை. யாரு குடுத்தது இதைன்னு கேட்டாரு.

என் கையில கத்தி இருக்கு. மடியில பாதி உரிச்ச பழம் இருக்கு. யாருன்னு கேக்க வேண்டியதே இல்ல, இல்லையா? ஆனா அதுக்குள்ள இந்திராணி சொல்லிட்டா. "நான்தான் சார் ஆசைப்பட்டுக் கேட்டேன். மதினி வேண்டாம்னுதான் சொன்னாங்க."

அவர் அவளைத் திட்டுனாரு. படிச்ச பொம்பளைதானே, லேப்ல வேலை பாக்குறீங்கதானே, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்பிடக் கூடாதா, உயிர் போயிருந்தா யாரு பொறுப்புன்னாரு. புண்ணு வாயை வெச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சரி சார், சரி சார்ங்கறா. நான் உக்காந்திருக்கேன். வாயைத் தொறக்கல. எனக்கு என்ன பயம்னா, வீட்டுக்காரர் காதுக்குப் போகும், ஊருக்குப் போகும், இருபத்தெட்டு வருஷமா ஆகாதவ வேணும்னே செஞ்சுட்டான்னு பேசுவாங்க. அத்தனை பேரு அத்தனை நல்ல வார்த்தை சொன்னாங்களே, அதெல்லாம் அப்பிடியே திரும்பிரும். அவ உயிர் போயிருந்தான்னு டாக்டர் சொல்லிக்கிட்டு இருக்காரு, நான் என் பேரைப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இதுதான் நான்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் மாத்திரையே இல்ல. பங்குனியில திரும்ப ஆரம்பிச்சாங்க, இருக்கறதுலயே குறைஞ்ச பவர்ல. முதுகு வலி திரும்ப வந்துருச்சு. டாக்டர் மனசுல விழுந்துருச்சு, இந்தம்மா சொல்ற பேச்சைக் கேக்க மாட்டாங்க, மறைப்பாங்கன்னு. போன தடவை அவரே சொன்னாரு, வீட்டுல வெச்சுச் சாப்பிடற மருந்து உங்களுக்குச் சரிப்படுமான்னு யோசிக்கணும், அடுத்த ஸ்கேன் பாத்துட்டு, பழையபடி டிரிப்ஸுக்கே போயிரலாமான்னு முடிவு பண்ணுவோம்னு. அந்த டிரிப்ஸ்னா அவளுக்கு நடுக்கம். ஏழு வருஷத்துக்கு முந்தி அவ பட்டது அப்பிடி. அந்த முடிவு இன்னைக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல.

அவளுக்கு என் மேல அவ்வளவு பாசம்மா. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டா. அந்த நினைப்பு வந்தா எனக்குத் தாங்காது. அவ பக்கத்துல போய் உக்காந்தாலே கண்ணீர் வந்துரும். மாத்திரை குடுக்கும்போது அழுகை, கஞ்சி குடுக்கும்போது அழுகை. அவதான் என் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைச்சு விட்டு, சரி மதினி, விடுங்க மதினி, ஒண்ணும் இல்லன்னுவா. முதுகு வலியோட எந்திரிச்சு உக்காந்து துடைச்சு விடுவா. அப்பிடி ஒரு மனசு.

இன்னைக்குச் சொல்லிரணும்னு வந்திருக்கேன். பஸ்ல வரும்போது பூரா அதுதான் ஓடுச்சு. உங்ககிட்டச் சொல்லிட்டேன்ல, இனிமே அவர்கிட்டயும் சொல்லிருவேன். அந்தா வர்றா பாருங்க, பச்சைச் சேலை. எழுபத்தி மூணு நம்பரா? எங்களுதுதான். நீங்க இருங்கம்மா, போயிராதீங்க.

*

இன்னும் கூப்பிடலையா உங்களை? அம்மா வந்துட்டாங்களா, சரி, அவங்க அந்த பெஞ்சுல சாஞ்சிருக்கட்டும், எழுப்பாதீங்க. இந்திராணி மருந்து வாங்கப் போயிருக்கா. நான் போறேன்னுதான் சொன்னேன், நானே வாங்கிக்கிறேன் மதினி, நீங்க உக்காருங்கன்னுட்டா. அங்க வரிசை நீளமா இருக்கு. அவ வர்றதுக்குள்ள சொல்லிர்றேன்.

ஸ்கேனைப் பாத்தாரு. முதுகுல இருக்கறது பெருசாகல, புதுசா எங்கயும் வரலைன்னாரு. எனக்கு மூச்சு வந்துச்சு. ஆனா குறையவும் இல்லன்னாரு. இந்த மாத்திரைக்கு இந்நேரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கணும்னு எதிர்பாத்தேன்னாரு. அப்புறம் இந்திராணியைப் பாத்து, இப்ப என்ன பண்ணலாம் சொல்லுங்க, மாத்திரையைத் தொடர்ந்தா நீங்க ஒழுங்காச் சாப்பிடுவீங்கன்னு நான் எப்பிடி நம்புறது, போன தடவை மாதிரி ஆசைப்பட்டேன்னு சொல்லுவீங்கன்னாரு. இவ மறுபடியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இல்ல சார், இனிமே அப்பிடி இல்ல சார்ங்கறா.

எனக்கு அதுக்கு மேல இருக்க முடியல. சொல்லிட்டேன். "சார், ஆசைப்பட்டது அவ இல்ல. நான்தான் குடுத்தேன். வேண்டாம் வேண்டாம்னு சொன்னா, எரியுதுன்னு சொன்னா, நான்தான் முன்னாடி உக்காந்து திங்க வெச்சேன்." நோட்டை மேல தூக்கி வெச்சதையும் சொன்னேன். புளிக்குழம்பைச் சொல்லல. அது அவருக்கு எதுக்கு? சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. சேலையை வாயில வெச்சுக்கிட்டு அழுகுறேன், நிக்கவே இல்ல. அந்த ரூம்ல இருந்த நர்ஸ் பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டு இந்திராணியைப் பாத்தாரு. அப்ப ஏம்மா நீங்க அப்பிடிச் சொன்னீங்க, நான் உங்களை எவ்வளவு பேசிட்டேன்னு கேட்டாரு. எனக்குத் தெரியும் அவ என்ன சொல்லுவான்னு. மதினி மனசு கஷ்டப்படும், அதான் சார்னு சொல்லுவான்னு நினைச்சேன். உங்ககிட்டயும் அப்பிடித்தானே சொன்னேன்.

அவ சொன்னா, "இவங்க திட்டு வாங்குனா அழுவாங்க சார். அழுதா நான்தான் தேத்தணும். அன்னைக்கு எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. நீங்க என்னையத் திட்டுனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சு போயிரும்னு நினைச்சேன்."

கோவமா எல்லாம் சொல்லல. அவ பள்ளிக்கூடத்துல பாட்டில்ல என்ன இருக்குன்னு கேட்டா சொல்லுவால்ல, அப்பிடித்தான் சொன்னா. அவ அதைச் சொல்றப்ப அவ கை எங்க இருந்துச்சு தெரியுமா? என் முதுகுல. ரத்தம் எடுத்த எடத்துல பஞ்சை வெச்சு ஒட்டியிருக்கு, அந்தக் கையால என் முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருக்கா. எப்ப வெச்சான்னு எனக்குத் தெரியல. நான் அழ ஆரம்பிச்ச உடனேயே வெச்சிருப்பா போல. இந்த நாலு மாசமும் அப்பிடித்தானே வெச்சிருக்கா.

டாக்டர் என்னைப் பாத்தாரு. அவரும் அந்தக் கையைப் பாத்துட்டாரு. எனக்கு அழுகை நின்னுருச்சும்மா. நான் அடக்கல, அதுவா நின்னுருச்சு.

அப்புறம் நோட்டு இருக்கான்னு கேட்டாரு. கொண்டாந்திருந்தா. பையில வெச்சிருந்தது எனக்கே தெரியாது. ஒவ்வொரு பக்கமாப் பொறுமையாப் படிச்சாரு. நூறு பேரைப் பாக்குறவரு. இதை முதல்லயே காட்டியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேனேம்மான்னாரு. இந்திராணி என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. திரும்பியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.

மாத்திரையையே தொடரலாம்னு சொல்லிட்டாரு. டிரிப்ஸ் இப்ப வேண்டாம். முதல்ல குடுத்த பவருக்கே திரும்பவும் போயிரலாம், மாத்திரை மேல தப்பு இல்ல, மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் பாப்போம்னாரு. நல்லதுதானே? நல்லதுதான். நான் ஒண்ணு கேட்டேன். நான் அதைக் குடுக்காம இருந்து, மாத்திரையும் நிக்காமப் போயிருந்தா, முதுகுல இருக்கறது இந்நேரம் குறைஞ்சிருக்குமா சார்னு கேட்டேன். குறைஞ்சிருக்கும்னும் சொல்ல முடியாது, குறைஞ்சிருக்காதுன்னும் சொல்ல முடியாதுன்னாரு. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல.

வெளிய வந்ததும் நான் அவகிட்ட என்னமோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிச்சிருன்னுதான். வேற என்ன இருக்கு சொல்றதுக்கு? அவ கையைக் காட்டி நிறுத்திட்டா. "மதினி, எனக்கு முதுகு வலிக்குது. ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் பேச வேண்டாம். நான் பஸ்ல தூங்கணும்." அப்பிடிச் சொல்லிட்டு மருந்துச் சீட்டை என் கையில இருந்து வாங்கிக்கிட்டுப் போய்ட்டா.

நீங்க அந்த டயட்டீஷியன் பொண்ணுகிட்ட எது எது ஆகாதுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. பழம், கீரை, எதா இருந்தாலும் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேளுங்க, அவங்களுக்கு நம்ம வீட்டுல என்ன காய்க்குதுன்னு தெரியாது. அம்மா எரியுதுன்னா விட்டுருங்க. வேணாம்னா எடுத்துருங்க. டாக்டர் அவங்களைக் கேட்டா அவங்க சொல்லட்டும், நீங்க பக்கத்துல சும்மா இருங்க. நான் இவ்வளவுதான் கத்துக்கிட்டேன், அதுவும் எட்டு மாசம் கழிச்சு. என்னம்மா, நீங்க ஏன் அழுகுறீங்க? அம்மா முழிச்சுக்கப் போறாங்க, கண்ணைத் துடைங்க.

அந்தா, வாங்கிட்டு வந்துட்டா. மெதுவாத்தான் நடக்குறா, தூணு கிட்ட நின்னு நின்னு. ஓடிப்போய்ப் புடிக்கலாம்னு கை பரபரங்குது. வேண்டாம், அவளே வரட்டும்.

நீங்க என் மூஞ்சியைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. அழுத மாதிரி தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அவ கிட்ட வந்துட்டா.